சனியைப் பார்த்த சாமியார்

1892ஆம் ஆண்டு முடியப் போகிற சமயம். ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வங்காளத் துறவி மதுரைக்கு வந்தார். முப்பது வயதுகூட நிரம்பவில்லை. கைக்காசு கிடையாது. அங்கே அவருக்கு ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் பழக்கம் கிடைத்தது. மன்னர் அவரைவிடவும் இளையவர். துறவியின் பேச்சில் சொக்கிப்போன மன்னர், அமெரிக்காவில் சிகாகோ நகரில் கூடவிருந்த சர்வமத மகாசபைக்கு அவசியம் போகச் சொல்லி வற்புறுத்தினார். தனக்கு வந்த அழைப்பையே மன்னர் கொடுத்தனுப்பினார் என்றுகூடச் சேதுநாட்டில் சொல்வார்கள். துறவியின் பெயர் விவேகானந்தர். அந்த வற்புறுத்தலின் ஒரு கிளை, அறுபது சொச்சம் வருஷம் கழித்து, ஒரு பழைய கப்பலின் ஜன்னல் கண்ணாடியில் போய் முட்டப் போகிறது என்று அன்றைக்கு யார் கண்டது?

காரியாபட்டிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 1985இல் விருதுநகர் மாவட்டம் பிரிகிற வரைக்கும் காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாமே ராமநாதபுரம் மாவட்டம்தான். பெரியவர்களின் பழைய சான்றிதழ்களில் இன்றும் அப்படித்தான் இருக்கும். இன்னொரு தற்செயலையும் சொல்லாமல் நகர மனசு வரவில்லை. அதே 1892இல்தான், தகப்பனாரை இழந்த திருச்சுழிப் பையன் ஒருவன் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பெயர் வேங்கடராமன், வயது பன்னிரண்டு. பிற்காலத்தில் அவன்தான் ரமண மகரிஷி. துறவியும் பையனும் ஏதோ ஒரு மாசி வீதியில் எதிரெதிரே நடந்துகூட இருக்கலாம். ஆனால் அந்தப் பையன் இந்தக் கதைக்குள் வரமாட்டான். இந்தக் கதைக்கு வேண்டிய சாமியார் அப்போது பிறந்திருக்கவே இல்லை. அவர் பிறக்கப் போனதும் இந்தியாவில் இல்லை.

சிகாகோ பயணத்துக்குப் பணம் சேர்த்தது பெரும்பாடு. சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்க் கையேந்தினார். 1893 மே 31இல் பம்பாயில் கப்பல், செப்டம்பர் 11இல் சிகாகோ மேடை, 1897 ஜனவரியில் பாம்பன் கரையில் சேதுபதியின் வரவேற்பு. இதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே உண்டு. பாடப்புத்தகம் தாண்டிப் போய்விடுவது அடுத்த பயணத்தை. மறுபடி அமெரிக்கா போன விவேகானந்தர் 1900இல் மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோ பக்கம் சில மாதம் தங்கிப் பேசினார். அங்கே ஒரு வேதாந்த சங்கம் முளைத்தது. சில வருஷத்தில் அவருடைய சகோதரத் துறவி திரிகுணாதீதானந்தர் அதற்கு ஒரு கோயிலும் எழுப்பினார். மேலை நாட்டில் எழுந்த முதல் இந்துக் கோயில் என்று அதைச் சொல்கிறார்கள். நாற்றங்கால் தயார். நாற்று மட்டும் சீனாவிலிருந்து வரவேண்டியிருந்தது.

1915 செப்டம்பர் 14 அன்று பீஜிங்கில் ஜான் டாப்சன் பிறந்தார். அமெரிக்கப் பாதிரிமார் குடும்பம். அப்பா அங்கே விலங்கியல் பேராசிரியர், அம்மா இசை தெரிந்தவர். 1927இல் சீனாவில் கலவரம் முற்றியதும் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குக் கப்பலேறியது. பையன் வளர வளரச் சாமி பூதத்தில் நம்பிக்கை போய், சண்டைக்கு நிற்கிற நாத்திகனாகவே ஆகிவிட்டான். ஆனால் வேறொரு கேள்வி அவனை விடவில்லை: இந்தப் பிரபஞ்சம் எப்படி வந்தது? அதற்கு விடை தேட ஒரு தொலைநோக்கி வேண்டுமே. அதுதான் சாமானியன் கைக்கு எட்டாத பொருளாயிற்றே!

தொலைநோக்கி என்பது ரொம்ப காலம் அரசாங்கத்துக்கும் ஜமீனுக்கும் உரிய சொத்தாகவே இருந்தது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கும்பினியார் வானாய்வகம் கட்டினார்கள். அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனை 1867இல் கண்டுபிடித்தார். ஆனால் அந்தக் கருவி சர்க்கார் கருவி. சொந்தமாக வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் 1840களில் விசாகப்பட்டினத்தில் ஆய்வகம் கட்டிய ஜக்கராவ் மாதிரி ஜமீன் வசதி வேண்டும். இந்த நிலைமையை முதலில் அசைத்தவர் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருந்த ரஸ்ஸல் போர்ட்டர். 1920இல் அவர் தன் ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் பட்டறைத் தொழிலாளிகளைக் கூட்டிவைத்து, தொலைநோக்கியின் ஆடியை, அதாவது ஒளியைக் குவிக்கிற குழிந்த கண்ணாடியை, கையாலேயே தேய்த்துச் செய்யச் சொல்லிக்கொடுத்தார்.

அதன் சூட்சுமம் அம்மிக்கல் தெரிந்த யாருக்கும் உடனே விளங்கும். பத்து வருஷம் அரைத்த அம்மியில் நடுவே குழி விழுகிறது அல்லவா? அதேதான். ஒரே அளவில் இரண்டு வட்டக் கண்ணாடிகள், ஒன்றின்மேல் ஒன்று, நடுவே தண்ணீரும் கடினமான பொடியும். மேல் கண்ணாடியை முன்னும் பின்னும் ஓட்டி, சுற்றிச் சுற்றி நடந்து தேய்த்தால் மேலது குழியும், கீழது மேடாகும். மேலதுதான் ஆடி. வேறுபாடு ஒன்றுதான். அம்மியின் குழி கோணலாக இருந்தாலும் சட்னிக்கு ஒன்றும் ஆகாது. ஆடியின் குழி மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் நிலா மசங்கிவிடும். அதை எந்திரமில்லாமல் மனிதக் கையே சாதித்துவிடும் என்பதுதான் அதிசயம். போர்ட்டரின் ஆட்கள் சாதித்தார்கள். ஆனால் அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளே பின்னால் வந்தவர்களுக்குச் சுவராக நின்றன. ஆடியின் கனம் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். தாங்கும் சட்டம் வார்ப்பிரும்பில், பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்ந்து நிற்க வேண்டும். ஆறங்குல ஆடி வரைக்கும் சமாளிக்கலாம். பன்னிரண்டு அங்குலம் என்றால் செலவும் எடையும் ஆளை அமுக்கிவிடும். இந்த விதிகளை மீற ஒரு விவரம் தெரிந்த நிபுணரால் முடியாது. விவரமே தெரியாத ஒருவர் வேண்டும்.

டாப்சன் பெர்க்லியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் வேதாந்த சங்கத்துக் கூட்டத்துக்குப் போனார். சுவாமி அசோகானந்தர் பேசிக்கொண்டிருந்தார். நாத்திகர் அங்கேயே விழுந்தார். 1943இல் பட்டம் வாங்கினார்; 1944இல் மடத்தில் சேர்ந்து ராமகிருஷ்ண மரபில் துறவியானார். விஞ்ஞானம் படித்தவர் என்பதால் அவருக்கென்று ஒரு வேலையும் வந்தது. வானியல் சொல்வதையும் வேதாந்தம் சொல்வதையும் ஒப்பிட்டு இணக்கம் காண வேண்டும். புத்தகம் படித்தால் போதுமே என்று இன்னொருவர் இருந்திருப்பார். இவர் வானத்தையே நேரில் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். சிக்கல் ஒன்றுதான். சாமியாரிடம் காசு கிடையாது.

1956இல் பழைய சாமான் கடையில் ஒரு லென்ஸ் அகப்பட்டது. இரண்டங்குலம். ஒரு பழைய ஜெய்ஸ் பைனாகுலரிலிருந்து கண்வைக்கும் பகுதியைக் கழற்றி இதனுடன் பொருத்தினார். அவ்வளவுதான் கருவி. அதை வானத்துக்குத் திருப்பினால் சனிக்கிரகம், வளையத்தோடு! நம் பக்கத்தில் சிவன் கோயில் நவக்கிரகத்தின் முன்னால் நிற்கும்போது, சனீஸ்வரனுக்கு நேரே நிற்காதே, ஒதுங்கி நில் என்று பாட்டிமார் தோளைப் பிடித்து நகர்த்துவார்கள். அவன் பார்வை படக்கூடாதாம். இந்தச் சாமியாரோ சனியைப் பார்த்த பார்வையை அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. ஏழரை வருஷத்தோடு விடவும் இல்லை, அந்தச் சனி அவரைக் கடைசிவரை பிடித்துக்கொண்டது.

இரண்டங்குலத்தில் இவ்வளவு தெரிந்தால் பெரிய ஆடியில் என்னென்ன தெரியும்? ஆடியைக் கையாலேயே தேய்க்க முடியும் என்று மடத்துச் சகா ஒருவர் சொன்னார். கண்ணாடிக்கு எங்கே போவது? சான் பிரான்சிஸ்கோ துறைமுக ஊர். கப்பலை உடைத்து விற்கிற இடத்தில் வட்ட ஜன்னல்களின் கண்ணாடி மலிவாகக் கிடைத்தது. பன்னிரண்டு அங்குலம், கனமோ விதி கேட்டதில் பாதிதான். நிபுணர் யாராவது பார்த்திருந்தால், இவ்வளவு மெல்லிசாக இருந்தால் தன் எடையிலேயே வளைந்துவிடும், தூக்கி எறி என்றிருப்பார். டாப்சனுக்கு அந்த விதி தெரியாது. தேய்த்தார். முடித்து, நிலாவைப் பார்த்தார். நிலாவில் இறங்கப் போகிற மாதிரி இருந்ததாம். அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றியது பிரபஞ்ச ரகசியம் எதுவுமில்லை. இதை எல்லாரும் பார்த்தாக வேண்டும் என்பதுதான். மடத்துச் சாமியாருக்கு வரக்கூடாத ஆசை அது.

1958இல் அவரைச் சேக்ரமென்டோ நகரத்து மடத்துக்கு மாற்றினார்கள். அங்கே ஆடி தேய்ப்பது கிட்டத்தட்டக் கள்ளத்தனமான தொழிலாகவே ஆயிற்று. கண்ணாடி உரப்பெட்டிக்குள் ஒளிந்து மடத்துக்குள் வந்தது. சான் பிரான்சிஸ்கோ மடத்துச் சகாவுக்குக் கடிதம் எழுதும்போது தொலைநோக்கி என்ற சொல்லே வராது. ஜெரேனியம் என்ற பூச்செடியின் பெயர் வரும். தொட்டியில் வைத்த ஜெரேனியம் என்றால் ஆடி குழாய்க்குள் போய்விட்டது என்று பொருள். ஜெரேனியம் பூத்துவிட்டது என்றால் ஆடிக்கு அலுமினியப் பூச்சு ஏறிவிட்டது என்று பொருள். கடிதத்தை யாராவது பிரித்துப் படித்திருந்தால், இந்தச் சாமியாருக்குத்தான் தோட்டத்தின்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்திருப்பார்கள்.

காசில்லாமைதான் இந்தக் கருவியை வடிவமைத்தது என்பது என் கட்சி. உலோகக் குழாய் வாங்க முடியாது. தோட்டத்து ரப்பர் குழாய் சுற்றிவருகிற அட்டைச் சுருளை எடுத்தார். பிற்பாடு கட்டடத் தூண் வார்க்கும் கனத்த அட்டைக்குழாய். குவிந்த ஒளியைக் கண்பக்கம் திருப்புகிற சின்ன ஆடியைத் தாங்க, கூரைக்கு வேயும் மரச்சில்லு. வார்ப்பிரும்புச் சட்டத்துக்கு வழியே இல்லை. ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி அடித்தார். பெட்டி இடவலமாகச் சுழலும், அதற்குள் குழாய் மேலும் கீழும் சாயும். மெல்லிய ஆடி வளையாதா? அதைத் திருகிப் பிடித்தால்தான் கோணும். பின்னால் மெத்தென்று ஏதாவது கொடுத்து, விளிம்பை ஒரு பட்டையில் தொட்டில் மாதிரி ஏந்திவிட்டால் தன் வடிவத்திலேயே இருந்தது. விதியை எழுதியவர்கள் இதை யோசிக்கவில்லை.

மிச்சமிருந்தது ஒரே தொல்லை. சனி நிற்காது. பூமி சுழலுவதால் இரண்டொரு நிமிஷத்தில் பார்வையைவிட்டு நழுவிவிடும். பெட்டியை விரலால் ஒரு நூல் அளவு தள்ள வேண்டும். மரத்தோடு மரம் உரசினால் முதலில் நகராது, பிறகு வெடுக்கென்று தாவும். வழுக்கலாக எண்ணெய் போட்டாலோ கை எடுத்த இடத்தில் நிற்காது. நகரவும் வேண்டும், விட்டால் நிற்கவும் வேண்டும். இதற்கு மருந்து கிடைத்தது எங்கோ விண்வெளிக் கூடத்தில் இல்லை. ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அந்த டெஃப்லான். அதில் நாலு துண்டை வெட்டி வைத்து, மேலே சன்மைக்கா மாதிரி ஒரு தகடு. நகரத் தொடங்கும்போதும் நகர்ந்துகொண்டிருக்கும்போதும் உராய்வு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி பெட்டி நகர்ந்தது. கருவி முடிந்துவிட்டது. சாமியாரின் மடத்து வாழ்வும் முடியப் போகிற நேரம் அது.

இரவானால் தொலைநோக்கியை உருட்டிக்கொண்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டப் போய்விடுவார். வெளியே சுற்றுகிறார் என்று பேச்சு கிளம்பியது. 1967இல் மடத்தைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். இருபத்து மூன்று வருஷத் துறவு. ஐம்பதைத் தாண்டிய வயது. வீடில்லை, வேலையில்லை, வங்கிக் கணக்கில்லை. திரும்பச் சான் பிரான்சிஸ்கோவுக்கே வந்து நண்பர்கள் வீட்டில் ஒண்டினார். மடம் கைவிட்ட மனிதர் நேரே போய் நின்ற இடம் ஒரு முச்சந்தி.

ஜாக்சன் தெருவும் பிராடெரிக் தெருவும் சந்திக்கிற மூலை. அங்கே நடைபாதையில் பெட்டியை வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டார்: வந்து நிலாவைப் பாருங்கள். காசு கேட்கவில்லை. ஆடி தேய்க்கவும் வகுப்பு எடுத்தார். கற்றுக்கொண்டவர்களில் ஒரு சின்னப் பையனும் உண்டு. பன்னிரண்டு அங்குல ஆடியே செய்துவிட்டான். வயது போதாததால் ஊர் வானியல் சங்கத்தில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அப்படியானால் நாமே ஒன்று ஆரம்பிப்போம் என்று 1968இல் பிறந்ததுதான் சான் பிரான்சிஸ்கோ நடைபாதை வானியலாளர் சங்கம். பையன்களும் ஒரு முன்னாள் சாமியாரும். பெரிய மனிதர்கள் சிரித்தார்கள். சிரிப்பு எவ்வளவு நாள் நீடித்தது?

இருபத்து நான்கு அங்குல ஆடியைச் செய்து இவர்கள் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிற வரைக்கும்தான். அவ்வளவு பெரிய கருவியைப் பல கல்லூரிகளே வைத்திருக்கவில்லை. இவர்களோ தேசியப் பூங்காக்களுக்குக் கொண்டுபோய் இருட்டில் வரிசை கட்டி நிற்கவைத்துக் காட்டினார்கள். ஒரு பூங்காவில் காவலர் ஒருவர் தடுத்து, வானம் இந்தப் பூங்காவில் சேர்த்தியில்லை என்றாராம். உண்மைதான், ஆனால் இந்தப் பூங்கா வானத்தில் சேர்த்தி என்றார் டாப்சன். வேதாந்தம் படித்தது வீண்போகவில்லை! 1970களில் தொலைநோக்கி செய்பவர்களின் கூட்டங்களுக்கு அட்டையும் பலகையுமான இந்தப் பூதம் வந்து நின்றபோது, வார்ப்பிரும்புக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து கண் வைத்தார்கள். அவர்களில் சிலர் வீட்டுக்குப் போய்ப் பலகை அறுக்க ஆரம்பித்தார்கள்.

1980இல் கலிஃபோர்னியாவில் கூல்டர் ஆப்டிகல் என்ற நிறுவனம் இதே அமைப்பில் பதின்மூன்று அங்குலக் கருவியை விற்பனைக்கே கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மற்ற நிறுவனங்களும் இறங்கின. டாப்சன் காப்புரிமை வாங்கவில்லை. ஒரு காசு கேட்கவில்லை. தன் பெயரை அதற்கு வைத்தபோதும், இதில் என் கண்டுபிடிப்பு என்ன இருக்கிறது, பீரங்கியை இப்படித்தானே வைத்து நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டார்கள் என்பார். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. 2009இல், கலீலியோ வானத்தைப் பார்த்து நானூறு வருஷம் ஆனதைக் கொண்டாடியபோது, மேசைமேல் வைக்கிற 76 மில்லிமீட்டர் குட்டி ஒன்றும் ஏறக்குறைய ஐம்பது டாலருக்கு வந்தது. அதற்கும் அதே பெட்டி, அதே சுழற்சி, அதே பெயர்தான்.

டாப்சோனியன்.

காரியாபட்டியிலோ அருப்புக்கோட்டையிலோ யாராவது பிள்ளைக்கு ஒரு தொலைநோக்கி வாங்கித் தரலாமென்று கிளம்பினால் முன்னால் வந்து நிற்கிற இரண்டில் ஒன்று இதுதான். இன்னொன்று பளபளப்பான முக்காலி. அட்டைப்பெட்டியில் 525 மடங்கு பெரிதாக்கும் என்று கொட்டை எழுத்து. அந்த எழுத்தில்தான் ஏமாற்று இருக்கிறது. அறுபது மில்லிமீட்டர் லென்ஸ் உருப்படியாகப் பெரிதாக்குவது 120 மடங்கு வரைக்கும்தான். அதற்கு மேல் வெறும் மங்கல். காற்றடித்தால் முக்காலி நடுங்கும், சனியும் சேர்ந்து நடுங்கும். முதல் வாரத்திலேயே அது பீரோவுக்கு மேல் போய்விடும். ஆறங்குல டாப்சோனியனோ அறுபது மில்லிமீட்டரைப் போல ஆறு மடங்குக்கு மேல் ஒளியை அள்ளும், வெறுங்கண்ணைப் போல நானூறு மடங்குக்கு மேல். காசெல்லாம் ஆடிக்குத்தான் போயிருக்கும். பெட்டி வெறும் பெட்டி. குட்டி டாப்சோனியனுக்கு ஒரு ஸ்டூல் போதும். பெரியதைத் தரையிலேயே வைத்துவிடலாம். படம் எடுக்கத்தான் தோதுப்படாது, சனி நழுவிக்கொண்டே இருக்குமே. பார்க்கிறவர்களுக்கு அதுவும் ஒரு விளையாட்டு.

மழைக்காலம் ஒழிந்து தை பிறந்துவிட்டால் கரிசல்காட்டு வானம் மாதிரி ஒரு வானம் கிடையாது. மதுரைப் பக்கத்து வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே திரும்பினால், கருவேலங்காட்டுக்கு மேலே வெள்ளியை வாரி இறைத்த மாதிரி கிடக்கும். 2014இல் அதே பொங்கல் வாரத்தில், ஜனவரி 15 அன்று, டாப்சன் கலிஃபோர்னியாவில் காலமானார். வயது தொண்ணூற்றெட்டு. மொட்டைமாடியில் இன்று வந்திறங்குகிற டாப்சோனியன் பெட்டியைப் பிரிக்கும்போது அட்டையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், அநேகமாக அங்கே ஒரு வரி அச்சாகியிருக்கும்: சீனாவில் தயாரிக்கப்பட்டது.